நடக்கிறவர் நகரவில்லை: குன்றக்குடி–நத்தம் பாதையில் ஒரு ஏபிஆர்எஸ் நிகழ்வு ஆய்வு

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது செட்டிநாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த வழக்கம். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும். அதே பாதையில் முன்னும் பின்னுமாக எத்தனையோ சிறு குழுக்களும் நடக்கும். நான் எழுதப்போவது அப்படி ஒரு குழுவைப் பற்றி. காரைக்குடியையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த 60 பேர். பாதிக்கு மேல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். கூடவே ஒரு சாப்பாட்டு வண்டி, ஒரு மருந்து வண்டி. நாங்கள் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குகிறவர்கள், நாலு பேர். குழு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதை ரேடியோ வழியாக வண்டிகளுக்கும் முகாமுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுவது எங்கள் வேலை. அந்த முறையின் பெயர்தான் ஏபிஆர்எஸ்.

இரண்டாம் நாள் மதியம் அந்தப் புள்ளி எங்களை ஏமாற்றியது. மயக்கம் வந்து உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியிடம் மருந்து வண்டி 25 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஏன் அப்படி ஆனது என்பதை, எங்களிடம் இருந்த பதிவுகளை வைத்துக்கொண்டு, இங்கே முழுதாக எழுதுகிறேன்.

கைபேசியிலேயே இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். செய்து பார்த்தோம். நடந்துகொண்டே ஜிபிஎஸ் ஓடவிட்டால் மாலைக்குள் பேட்டரி காலியாகிவிடும். சிங்கம்புணரியைத் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டு வரும். கூட்டம் நெரியும் நாட்களில் டவர் இருந்தும் டேட்டா போகாது. ரேடியோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும் சிறு சத்தம் ஒன்றை அனுப்பினால் போதும்.

ஏபிஆர்எஸ் என்ற இந்த முறையை உருவாக்கியவர் பாப் புரூனிங்கா, அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பணியாற்றியவர். 1984இல், இதன் ஆரம்ப வடிவத்தை ஒரு கொமடோர் விக்-20 கணினியில் எழுதி, 100 மைல் குதிரை ஓட்டம் ஒன்றில் குதிரைகள் எங்கே வருகின்றன என்று பார்க்கப் பயன்படுத்தினார். ஜிபிஎஸ் மலிவாகக் கிடைக்காத காலம் அது. நெடுந்தூரம் போகிறவர்களைத் தொலைவிலிருந்து கவனித்துக்கொள்ளவே பிறந்த கருவி இது என்பதால் பாதயாத்திரைக்கு நன்றாகப் பொருந்துகிறது. அவர் 2022இல் மறைந்தார்.

முறை எளிமையானது. ஜிபிஎஸ் ரிசீவர் வினாடிக்கு ஒரு முறை தன் இடத்தை எழுத்து வரிகளாகக் கொட்டும். டிராக்கர் என்ற சிறு கருவி அதில் வேண்டியதை எடுத்து, ஆளின் அழைப்புக்குறியோடு (உரிமத்தோடு வரும் அடையாளப் பெயர்) சேர்த்து ஒரு பாக்கெட்டாக, அதாவது சிறு தகவல் பொட்டலமாக, கட்டும். பிறகு 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகளாக மாற்றி வாக்கியின் (வாக்கி-டாக்கி) மைக் வழியாக ஊதிவிடும். வேகம் வினாடிக்கு 1200 பிட். இடையில் உயரமான இடத்தில் இருக்கும் டிஜிபீட்டர் அதைக் கேட்டுத் திருப்பி அனுப்பும். நாங்கள் வேலை செய்தது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள நம் நாட்டு ஹாம் பட்டையில். உரிமம் இல்லாதவர் கையில் டிராக்கரைக் கொடுத்தனுப்ப முடியாது. ஆகவே எங்களில் ஒருவரே, பள்ளத்தூர் நண்பர், குழுவோடு நடந்தார். கருவி அவர் தோளில் மாட்டிய மஞ்சள் பையில்.

சிலர் லோரா என்ற வேறு ரேடியோ முறையில் ஓடும் வெளிநாட்டு டிராக்கர் பலகைகளை வாங்கி அப்படியே ஓட்டுகிறார்கள். அவற்றில் பெரும்பாலும் ஐரோப்பியர் வைத்திருக்கும் 433.775 மெகாஹெர்ட்ஸ் இருக்கும். அந்தப் பக்கத்தில் நமக்கு இருக்கும் இன்னொரு ஹாம் பட்டை 434இல்தான் தொடங்குகிறது. மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

எங்களிடம் இரண்டு டிராக்கர்கள் இருந்தன. மருந்து வண்டியில் கார்மின் ஈட்ரெக்ஸ் என்ற பழைய கையடக்க ஜிபிஎஸ், அதோடு டைனிடிராக் என்ற டிராக்கர் பலகை. ஈட்ரெக்ஸின் அமைப்பில் கார்மின் மொழியை மாற்றி, ஜிபிஎஸ் கருவிகளின் பொது மொழியான என்எம்இஏ என்று வைக்க வேண்டும். அதை மட்டும் செய்துவிட்டால் வினாடிக்கு 4800 பிட் வேகத்தில் சமர்த்தாகப் பேசும். நான்கு நாளும் அது ஒரு பிழை செய்யவில்லை. மஞ்சள் பையில் இருந்தது நாங்களே கட்டியது: நியோ-6எம் ஜிபிஎஸ் தொகுதி, ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகை, 5 வாட் பாவ்ஃபெங் வாக்கி.

கட்டும்போது வந்த சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் வருவதுதான். நியோ-6எம் 9600இல் பேசும், பழைய கருவிகள் 4800இல் கேட்கும். வேகம் பொருந்தாவிட்டால் குப்பை எழுத்துகள் வரும். பழைய கருவிகளின் ஆர்எஸ்-232 என்ற தகவல் கம்பியில் சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் எதிர்மறை, புதிய தொகுதிகளில் 3.3 வோல்ட் நேர்மறை. எனவே ஒன்றை மற்றதோடு நேராகச் சொருகினால் எல்லாம் தலைகீழாகப் படிக்கப்படும். பாவ்ஃபெங் அனுப்பத் தொடங்க நேரம் எடுக்கிறது. பிடிடி என்ற பேசும் பொத்தானை அழுத்தி அரை வினாடி கழித்து ஊதினால்தான் பாக்கெட்டின் தலை வெட்டுப்படாது. மைக்குக்குப் போகும் ஒலியை அதிகமாக வைத்தால் காதுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் கணினிக்குப் புரியாது. ஒலியைக் குறைக்கக் குறைக்கத்தான் பாக்கெட்டுகள் ஒழுங்காக வந்தன.

சோதனை நடந்தது எங்கள் பழைய வீட்டில். முகப்பிலும் பட்டாலையிலும் ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அந்தச் சுவருக்கும் கூரைக்கும் அடியில் எதுவும் நுழையாது. நடுவில் திறந்த வாசலுக்கு, அதாவது முற்றத்துக்கு, கொண்டுபோனால் நாலைந்து செயற்கைக்கோள் கிடைத்தது, ஆனால் இடம் தெருவைத் தாண்டித் தாண்டி விளையாடியது. அங்கிருந்து தெரிவது தலைக்கு நேர் மேலே ஒரு சதுர வானம் மட்டும்தான். எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால் எண்ணிக்கை போதுமாக இருந்தாலும் கணக்கு தடுமாறும். மொட்டைமாடிக்குப் போனதும் ஒன்பது செயற்கைக்கோள், புள்ளி அசையாமல் நின்றது. ஜிபிஎஸ் தொகுதியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தோம், வாக்கி ஒரு மீட்டர் தள்ளிப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தது. இந்த ஒரு மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்

விடியற்காலை குன்றக்குடியிலிருந்து புறப்பட்டார்கள். காரைக்குடி மாடியில் ஒரு டிஜிபீட்டர், சிங்கம்புணரி முகாமில் பேட்டரியில் ஓடும் இன்னொன்று. முகாமில் சமையலைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு ஹாம் மென்பொருள் பழக்கமில்லை. அவருக்காக நண்பர் ஒருவர் முந்தின இரவு ஒரு சின்ன நிரல் எழுதி டேப்லட்டில் போட்டுக் கொடுத்திருந்தார். டைர்வுல்ஃப் என்ற மென்பொருள் ரேடியோவிலிருந்து பிடிக்கும் பாக்கெட்டைப் படித்து, சேமித்து வைத்த வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கும். சோதிக்க நேரமில்லை.

காலை ஐந்தரைக்கு அவரிடமிருந்து போன்.

"தம்பி, நீங்க சிங்கம்புணரி வராம மேலூர்ப் பக்கமா போறீக போலயே?"

"இல்லண்ணே, இன்னும் குன்றக்குடியவே தாண்டலயே."

அவர் திரையில் புள்ளி, சிங்கம்புணரிக்குத் தெற்கே 12 கிலோமீட்டரில் நின்றது. எங்கள் மடிக்கணினியில் அதே பாக்கெட் குன்றக்குடியில் சரியாகத் தெரிந்தது. ஆக, ரேடியோவிலும் ஜிபிஎஸ்ஸிலும் தவறில்லை, தவறு படிக்கும் இடத்தில்.

பாக்கெட்டில் இருந்தது 1006.80 வடக்கு, 07842.20 கிழக்கு. ஜிபிஎஸ்ஸும் ஏபிஆர்எஸ்ஸும் இப்படித்தான் எழுதும்: முதலில் பாகை (டிகிரி), ஒட்டினாற்போல் கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அதாவது 10 பாகை 6.80 கலை, 78 பாகை 42.20 கலை. கலையை 60ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் 78.703 வரும். நண்பரின் நிரல் மொத்த எண்ணையும் 100ஆல் வகுத்து 78.422 என்று எடுத்துக்கொண்டது. மேற்கே ஏறத்தாழ 31 கிலோமீட்டர், தெற்கே 5 கிலோமீட்டர் தள்ளிப்போனது. ஒரே வரியில் திருத்திவிட்டோம்.

ஆனால் இந்தப் பிழையை அவ்வளவு லேசாக விட எனக்கு மனம் வரவில்லை. வீடு திரும்பிய பிறகு, பதிவான மொத்தப் பாக்கெட்டையும் திருத்தாத நிரலில் ஓட்டிப் பார்த்தேன். புறப்படும்போது 31 கிலோமீட்டர் மேற்கே தள்ளியிருந்த புள்ளி, சிங்கம்புணரியில் 18ஆகக் குறைகிறது, நத்தத்தில் 10தான். காரணம், மேற்கே போகப் போக கலை எண் குறைகிறது, பிழையும் அதோடு சேர்ந்து தேய்கிறது. மேற்கு நோக்கிய பயணத்தில் இந்தப் புள்ளி உண்மையான நடையின் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் நடக்கிறது. திண்டுக்கல் ஊருக்குச் சற்றுக் கிழக்கே 78 பாகைக் கோடு வருகிறது. அங்கே கலை சுழியம், கிழக்கு-மேற்குப் பிழையும் சுழியம். தென்வடல் பிழை தவிர எல்லாம் சரியாகிவிட்டது போல் இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி 77 பாகை 59 கலை ஆனவுடன் புள்ளி ஒரே தாவில் 43 கிலோமீட்டர் மேற்கே பாய்ந்து கொடைக்கானல் மலைமேல் போய் உட்கார்ந்துகொள்கிறது.

குழு கிழக்கிலிருந்து மேற்கே போவதும், தவறான புள்ளியும் மேற்கிலேயே விழுவதும் சேர்ந்து இந்தப் பிழைக்கு ஒரு நம்பத்தகுந்த முகத்தைக் கொடுக்கின்றன. முகாமில் அந்த அண்ணன் பாதையை நன்கு அறிந்தவராக இல்லாதிருந்தால், "வேகமாக வந்துவிட்டார்கள்" என்று நினைத்து உலை வைத்திருப்பார். இப்படி ஒரு நிரல் எழுதுகிறவர்கள் கலை எண் பெரிதாக இருக்கும் ஓர் இடத்திலாவது சோதிக்க வேண்டும். காரைக்குடி 78 பாகை 47 கலை வாக்கில் இருக்கிறது, திண்டுக்கல் 77 பாகை 59 வாக்கில். இந்த இரண்டையும் கையால் தட்டச்சு செய்து பார்த்திருந்தால் போதும்.

முதல் நாள் இந்தப் பிழையைப் பிடித்ததில் எங்களுக்கு ஒரு நிம்மதி வந்துவிட்டது. எல்லாத் திரையிலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி. இரண்டாம் நாள் அதைக் கேள்வி கேட்காமல் நம்பியதற்கு இந்த நிம்மதியே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள்

சிங்கம்புணரியிலிருந்து நத்தம் சாலை. முதல் நாள் பள்ளத்தூர் நண்பர் ஜிபிஎஸ் தொகுதியைப் பையின் தோள்பட்டையில் வெளியே கட்டியிருந்தார். வெயிலில் அது தொட முடியாமல் சுடுகிறது என்று மறுநாள் காலை பைக்குள் வைத்துவிட்டார். நியாயமான யோசனை, எங்களிடம் சொல்லியும் இருந்தார், நாங்களும் சரி என்றோம்.

மதியம் பன்னிரண்டரை வாக்கில் வாக்கியில் குரல் வந்தது. ஓர் ஆச்சிக்குத் தலை சுற்றுகிறது, சாலையோரம் நிழலில் உட்கார வைத்திருக்கிறோம், வண்டியை அனுப்புங்கள் என்று. இடம் சொல்லவில்லை, திரையில்தான் தெரிகிறதே. பாக்கெட் ஒரு நிமிடத்துக்கு முன்புதான் வந்திருந்தது. மருந்து வண்டியை அந்தப் புள்ளிக்கு அனுப்பினோம். அங்கே ஒரு டீக்கடையும் ஆளில்லாத சாலையும்தான் இருந்தன. குழு மூன்றரை கிலோமீட்டர் முன்னால் போயிருந்தது. "கடையிலேர்ந்து இன்னும் முன்னால வாங்க" என்று குரலில் வழிசொல்லி, பின்தங்கி வந்த வேறு குழுக்களுக்குள் தேடி வண்டி சேர்ந்தபோது 25 நிமிடம் போய்விட்டது. உப்புச்சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் சற்றுத் தெளிந்ததும் ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ரேடியோவெல்லாம் வச்சிருக்கீகளே தம்பி, நாங்க எங்கன நிக்கிறோம்னு தெரியலையா?"

அன்று இரவு பதிவைத் திறந்தேன். 26 பாக்கெட்டுகள், இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக 52 நிமிடம், எல்லாவற்றிலும் அதே டீக்கடை. ஏபிஆர்எஸ்ஸின் சாதாரண வடிவம் நூறில் ஒரு கலை வரைதான் காட்டும், அது சுமார் 18 மீட்டர். ஓய்வெடுக்கும் ஆளின் இடம் மாறாமல் வருவது சகஜம்தான். ஆனால் அதே பாக்கெட்டில் இடத்தை அடுத்து திசையும் வேகமும் இருக்கின்றன. 26 பாக்கெட்டிலும் திசை 261 பாகை, வேகம் 2 நாட். மணிக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆள் 52 நிமிடமாக ஒரே இடத்தில் நிற்கிறார். இது எல்லோர் கண் முன்னாலும் திரையில் இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் அதே பையை அதே பொருள்களோடு மொட்டைமாடியில் வைத்து, ஜிபிஎஸ்ஸின் மூல வரிகளைக் கணினியில் பார்த்தேன். திறந்த வெளியில் ஒன்பது செயற்கைக்கோள். பைக்குள் வைத்து மேலே துண்டும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் வைத்ததும் ஐந்து. ஜிபிஎஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கிவிடும். அப்புறம் வாக்கியை அனுப்பச் செய்தேன். ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும் ஆர்எம்சி என்ற வரியில் ‘ஏ’ என்ற எழுத்து அந்த நொடியே ‘வி’ ஆனது. ஏ என்றால் இடம் செல்லும், வி என்றால் செல்லாது. திரும்ப ஏ வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது, சில தடவை இரண்டு நிமிடத்துக்குள் வரவே இல்லை, அதற்குள் அடுத்த பாக்கெட் போய்விட்டது.

இதில் வியப்பில்லை. ஜிபிஎஸ் அலை தரைக்கு வரும்போது அதன் திறன், ஒரு வாட்டை 1க்குப் பின்னால் 16 சுழியம் போட்ட எண்ணால் வகுத்தால் வருவது. அதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பெருக்கிக்கு ஐந்து சென்டிமீட்டர் தள்ளி 5 வாட் அலறுகிறது. அதிர்வெண் வேறுதான், ஒன்று 1575.42 மெகாஹெர்ட்ஸ், மற்றது 144க்கு மேலே. இருந்தாலும் இவ்வளவு அருகில் பெருக்கி திணறிவிடும். மாடியில் ஒரு மீட்டர் இடைவெளி அதைக் காப்பாற்றியிருந்தது.

ஜிபிஎஸ் இடத்தை இழந்தது ஒரு பாதிக் கதைதான். வி வரும்போது நியோ-6எம் இடத்துக்கான கட்டங்களைக் காலியாக விடும், பொய் சொல்லாது. எங்கள் நிரல்தான் காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தது, இடத்தைச் சேமித்து வைக்கும் மாறியில் பழைய எண் அப்படியே இருந்தது, அதை எடுத்துப் புதுப் பாக்கெட்டாகக் கட்டி அனுப்பியது. வரைபடத்தில் "ஒரு நிமிடம் முன்பு" என்று வருவது பாக்கெட்டின் வயது மட்டுமே, இடத்தின் வயது அன்று எந்தத் திரையிலும் இல்லை. ஜிபிஎஸ் செத்ததும் டிராக்கரும் வாயை மூடியிருந்தால், புள்ளி பழசாகிறது என்று அரைமணியில் கவனித்திருப்போம், குரலில் கேட்டிருப்போம். அந்த எழுத்தைச் சோதிக்கும் ஒரு வரியை நான்தான் எழுதியிருக்க வேண்டும். ஏபிஆர்எஸ்ஸை வகுத்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. அதன் சுருக்கப்பட்ட வடிவத்தில் இடம் புதியதா பழையதா என்று சொல்லவே ஒரு பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் அனுப்பிய சாதாரண வடிவத்தில் அது இல்லை.

மாற்றியவை

நிரலில் இப்போது ஏ இல்லாமல் எந்த இடமும் புதிதாக ஏறாது. 30 வினாடிக்கு மேல் வி நீடித்தால் பாக்கெட்டின் குறிப்புப் பகுதியில் எத்தனை நிமிடப் பழைய இடம் என்றும், எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது என்றும் சேர்ந்து போகும், வேகம் சுழியமாகும். ஐந்து நிமிடம் தாண்டினால் இடம் இல்லாமல் வெறும் நிலைச் செய்தி மட்டும் அனுப்பும்.

வாக்கியைக் குறைந்த திறனுக்கு, 1 வாட்டுக்கு, மாற்றினோம். ஜிபிஎஸ் தொகுதியை ஒரு மீட்டர் கம்பியில் இழுத்து, வேண்டாத ரேடியோ அலையைத் தடுக்கக் கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டி, நண்பரின் குடை உச்சியில் கட்டினோம். வெள்ளைத் துணி சுற்றியதால் சூடும் இல்லை. ஆர்டுயினோ பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. மாடியில் இரண்டு மணி நேரம், பிறகு காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரை நடந்தே ஒரு சோதனை. பையில் தண்ணீர், துண்டு, சாப்பாடு எல்லாம் வைத்துக்கொண்டு, நடக்கிறவர் எப்படி நடப்பாரோ அப்படியே. வி ஒரு தடவைகூட வரவில்லை. எந்த டிராக்கரையும் அது போகப்போகும் பையோடுதான் சோதிக்க வேண்டும் என்று இப்போது பிடிவாதமாக இருக்கிறேன்.

வண்டியை அனுப்பும் முறையும் மாறியது. உடம்புக்கு முடியவில்லை என்று அழைப்பு வந்தால், திரையில் என்ன தெரிந்தாலும், "பக்கத்தில் என்ன இருக்கிறது, கிலோமீட்டர் கல்லில் என்ன எண்" என்று குரலில் கேட்டுவிட்டுத்தான் வண்டி கிளம்பும்.

மிச்சம் இருப்பது மலை நிழல். நத்தத்தை நெருங்கும்போது 1 வாட் பாக்கெட்டுகள் முகாம் டிஜிபீட்டருக்கு எட்டவில்லை, ஆறு கிலோமீட்டருக்குப் புள்ளியே இல்லை. சிங்கம்புணரிக்கு வடக்கே பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படும் பிரான்மலை ஏறத்தாழ 2400 அடி உயரம். அங்கிருந்து இரண்டு பக்கமும் பார்வை விழும் என்று நம்புகிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் நண்பரும் நானும் ஒரு பேட்டரியும் வாக்கியும் தூக்கிக்கொண்டு மேலே ஏறுகிறோம். கீழே நத்தம் சாலையில் மூன்றாமவர் மஞ்சள் பையோடு நடப்பார்.